செத்தவீட்டுக்குப் போன கலன்

வெறும் போத்தலை எறிய எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனம் வராது. ஜாம் போத்தலில் மிளகாய்த்தூள், பால்மா டின்னில் உப்பு, சாராயப் போத்தலில் வாகரைக் காட்டுத் தேன் என்று எல்லாவற்றுக்கும் இன்னொரு பிறவி உண்டு. இதைக் கஞ்சத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். போர்க்காலத்தில் பல தடவை வீடு வாசலை விட்டு ஓடிய சனம் இது. சட்டி பானையை விட்டுவிட்டு ஓடலாம், தண்ணீர் கொண்டுபோக ஒரு கலன் இல்லாமல் ஓட முடியாது. அப்படி ஓடிய வீட்டில் வளர்ந்தவள்தான் நானும். கல்லடியில் என் வீட்டு அடுப்படித் தட்டைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

ஆனால் சம்பளத்துக்கு நான் செய்யும் வேலை இதற்கு நேர் எதிரானது. தண்ணீரைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் இருக்கிறேன். கிணறு, குளம், வயல்வட்டை வாய்க்கால், வாவி என்று மாவட்டத்தின் எல்லாத் தண்ணீரும் எங்கள் மேசைக்கு வரும். பரிசோதித்து முடிந்ததும் மிஞ்சுகிற இரசாயனக் கழிவில் எது எந்தக் கலனுக்குள் போகலாம் என்று பார்த்துப் பிரித்து, அடைத்து, பெயர் எழுதி ஒட்டி, ஏற்றிப் போகும் லொறி வரும்வரை காப்பது என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் இதைக் கழிவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற உத்தியோகம் என்பார். பொருத்தம் பார்க்கிற வேலை என்ற அளவில் அவர் சொல்வதில் பிழையில்லை.

பொருத்தம் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் வாயால் சொல்வதில்லை. சாப்பிட்டு முடித்த யோகட் கோப்பை ஒன்றைப் பீங்கான் தட்டில் வைத்து, அதற்குள் கொஞ்சம் அசெற்றோனை ஊற்றிவிட்டுப் பேசாமல் நிற்பேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோப்பையின் அடி இளகி, சுருங்கி, தட்டில் கூழாகப் படர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் நான் சொல்வதைக் கேட்பார்கள். நைத்திரிக்கமிலக் கழிவை முன்பு மதுசாரம் இருந்த போத்தலுக்குள் ஊற்றினால் அது கொதித்து வெடிக்கும். தகர டின்னில் அமிலத்தை வைத்தால் டின்னே மிஞ்சாது. குளோரோபோம் மெல்லிய பிளாஸ்டிக்கைத் தின்று வெளியே வரும். எந்தக் கலனையும் வாய்மட்டும் நிரப்பக் கூடாது, உள்ளே ஆவிக்கு இடம் விட வேண்டும். இதெல்லாம் மந்திரம் இல்லை, ஒரு தடவை ஒழுங்காகக் கேட்டால் போதும். கேட்கத்தான் ஆளில்லை.

கலன் பற்றாக்குறை என்று நான் ஒரு முறை தேநீர் வேளையில் புலம்பியதைக் கேட்டு, அடுத்த நாளே அலுவலகத்தில் ஆளாளுக்குக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். தேன் போத்தல், நெக்டோ சோடாப் போத்தல், குழந்தைக்குப் பால் கரைத்த போத்தல், ஒருவர் கழுவித் துடைத்த தயிர்ச்சட்டிகூடக் கொண்டுவந்திருந்தார். அன்போடு கொடுத்தவற்றை எல்லாம் திருப்பிக் கொடுத்ததில் எனக்குப் 'போத்தல் பொலிஸ்' என்று பட்டம் கிடைத்தது. பட்டம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பொலிஸ் என்றால் கொஞ்சமாவது பயப்படுவார்கள்.

பொலிசுக்கு மேலே ஒரு நீதவானும் இருந்தார். என்னோடு அதே தரத்தில், எனக்குச் சில வருடங்கள் முன்பாகவே வேலைக்குச் சேர்ந்த அக்கா. செட்டிபாளையத்தில் இருந்து வருவார். நாங்கள் இருவரும் சண்டை பிடிக்காத நாள் குறைவு. அவர் கண்ணாடியின் கட்சி, நான் பிளாஸ்டிக்கின் கட்சி. கண்ணாடிக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியும், அது எதையும் உறிஞ்சாது என்பார் அவர். விழுந்தால் உங்கள் கண்ணாடி எல்லாவற்றையும் நிலத்தில் கக்கிவிடும் என்பேன் நான். குளோரோபோம் விடயத்தில் அவர் வென்றார். அமிலக் கழிவு விடயத்தில் நான் வென்றேன். வென்றவர் தோற்றவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது எங்களுக்குள் இருந்த வழக்கம். அவர் ஊற்றும் தேத்தண்ணியில் சீனி அள்ளிப் போட்டிருப்பார், அதற்கும் ஒரு சண்டை வரும்.

நான் வென்ற அந்த அமிலக் கழிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நடந்தது அதைச் சுற்றித்தான். வாவித் தண்ணீர் எவ்வளவு அழுக்கடைந்திருக்கிறது என்று அறிய ஒரு பரிசோதனை உண்டு. அதற்குக் கடும் சல்பூரிக்கமிலமும் குரோமியம் சேர்ந்த ஒரு செம்மஞ்சள் உப்பும் வேண்டும். வாவித் தண்ணீரில் கடலுப்பு கலந்திருப்பதால் பரிசோதனை குழம்பாமல் இருக்க பாதரச உப்பும் போட வேண்டும், உப்புக் கூடக் கூட இரசமும் கூடும். முடிவில் மிஞ்சுவது அமிலமும் குரோமியமும் இரசமும் கலந்த ஒரு நீர். வாவி சுத்தமா என்று பார்ப்பதற்காக நாங்கள் செய்யும் இந்த நீரில் ஒரு துளியும் வாவிக்குப் போகக் கூடாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

அதற்கு நான் தேர்ந்தெடுத்தது தடித்த பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பெரிய வெள்ளைக் கலன். அமிலம் அதை ஒன்றும் செய்யாது, கீழே விழுந்தாலும் உடையாது. ஆனால் இரசம் பிளாஸ்டிக்கின் உடம்புக்குள் ஊறிவிடும், குரோமியம் உட்புறம் மஞ்சள் பூசிவிடும். என்ன கழுவினாலும் அந்தக் கலன் பிறகு வேறொன்றுக்கும் ஆகாது. அதே கழிவுக்குத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம், அவ்வளவுதான். லொறி வந்து கழிவை ஏற்றிப் போனதும் கலனை அலசி, அலசிய தண்ணீரையும் கழிவோடு சேர்த்து அனுப்பிவிட்டு, ஆய்வுகூடத்தின் பின்புறம் எங்கள் கலன்களுக்கென்று கம்பிவலை அடித்த மூலையில் கவிழ்த்துக் காயவைப்போம். அதன் வயிற்றில் 'கழிவு, தொட வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் தாள் ஒட்டியிருக்கும். எழுதியது அக்கா, அவருடைய கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

லொறி வந்து போன மறுநாள் நான் ஒரு கலியாண வீட்டுக்காக வாகரைக்குப் போயிருந்தேன். அன்று மத்தியானம் அக்காவின் கணவர் இறந்துவிட்டார். பள்ளிக்கூட வான் ஓட்டியவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகமுன்பே முடிந்துவிட்டது. நோய் வருத்தம் என்று ஒரு நாளும் படுத்த மனிதர் இல்லை. எனக்குச் செய்தி வாகரையில் அடுத்த நாள் விடியத்தான் கிடைத்தது. கலியாண வீட்டுச் சேலையோடு பஸ் ஏறினேன். ஆய்வுகூடத்துக்குப் போய் அங்கிருந்து எல்லோருடனும் வானில் செட்டிபாளையம் போவது என்று நினைத்திருந்தேன்.

ஆய்வுகூடத்தில் எங்கள் அலுவலக உதவியாளர் மட்டும் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். என்னைவிட வயதில் மூத்தவர், எதற்கும் முன்னுக்கு நிற்கிற மனிதர். வான் காலையிலேயே செத்தவீட்டுக்குக் கதிரைகள் கொண்டுபோய் இறக்கிவிட்டு, இப்போது மலர்வளையம் எடுக்கப் போயிருப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, என் மனம் ஆறட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொன்றும் சொன்னார்.

"அங்க தண்ணிக்குக் கலன் காணாதாம் எண்டாங்க புள்ள. பின்னால கவிட்டு வெச்சிருந்ததில நல்லதாப் பார்த்து நானும் ஏத்தி விட்டிருக்கன்."

பின்புறம் ஓடினேன். கம்பிவலைக் கதவு திறந்து கிடந்தது. வடித்த தண்ணீர் வைக்கும் கலன்கள் சில இல்லை, அதில் பயமில்லை. மூலையில் கவிழ்த்திருந்த பெரிய வெள்ளைக் கலனும் இல்லை. திரும்பி வந்து அவரைப் பிடித்துக் கத்தினேன்.

"பேப்பர் ஒட்டியிருந்ததே! வாசிக்கல்லயா?"

"வாசிச்சன். கழிவு எண்டு எழுதின சாமானையா செத்தவீட்டுக்கு அனுப்புற? அது மரியாதையில்லைதானே. தேங்காயெண்ணெ பூசிச் சுரண்டி எடுத்துப்போட்டு, சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவித்தான் அனுப்பின நான்."

பாடுபட்டுக் கழுவியிருக்கிறார். சுரண்டியெடுத்த தாள் சுருண்டு போய்க் குப்பைக் கூடைக்குள் கிடந்தது. செத்தவீடு என்றால் எங்கள் ஆட்கள் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். கதிரை, பாய், விளக்கு, பானை, கலன் எதுவானாலும் இருக்கிற இடத்தில் இருந்து எடுத்துப் போவார்கள், எடுத்ததற்கு யாரும் கணக்குக் கேட்கவும் மாட்டார்கள். நானும் அப்படி எடுத்துக்கொண்டு போனவள்தான். என்ன நடந்திருக்கிறது என்று நான் அவருக்கு விளக்கியபோது அந்த மனிதர் வாசற்படியில் அப்படியே குந்திவிட்டார். அவரைத் தேற்ற எனக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை.

அக்காவின் தொலைபேசி நிறுத்தியிருந்தது. அவர் வீட்டு எண்ணுக்கு எடுத்தபோது யாரோ ஓர் ஆண் எடுத்தார். பறைமேளச் சத்தத்துக்குள் நான் கத்தியது ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை. "கேக்கல்ல, மறுகா எடுங்க" என்று வைத்துவிட்டார். திரும்ப எடுத்தபோது யாரும் எடுக்கவில்லை. மலர்வளையம் வரும்வரை காத்திருக்க என்னால் முடியாது. வீதிக்கு ஓடி வந்து நின்ற முதல் ஓட்டோவில் ஏறினேன்.

ஓட்டோக்காரர் காத்தான்குடி ஆள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மவுத்தான ஊட்டுக்கா போறீங்க தங்கச்சி?" என்று கேட்டார். ஓம் என்றேன். கல்லடிப் பாலத்தைத் தாண்டியதும் தாங்காமல் நடந்ததைச் சொன்னேன். இந்தத் தண்ணீரில் யாராவது தேத்தண்ணி போட்டால், யாராவது ஒரு குழந்தைக்குக் கொடுத்தால் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் வண்டியை விரட்டினார். அவருடைய சொந்த ஊர்க் கடைத்தெரு நெரிசலில் முன்னால் நின்ற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டி வழி எடுத்தார். நான் மனதுக்குள் அளந்துகொண்டிருந்தேன். கழுவின கலன்தானே, மிஞ்சியிருப்பது கொஞ்சம்தானே என்று ஒரு பக்கம் சமாதானம் வந்தது. இரசத்தில் கொஞ்சம் என்று ஒன்று கிடையாது என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வெயில் ஏற ஏறச் சனத்துக்குத் தாகம் எடுக்கும்.

ஒழுங்கையின் இருபுறமும் வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். தறப்பாள் பந்தலுக்குள் ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். வீட்டுக்குள்ளே இருந்து பெண்களின் ஒப்பாரி கேட்டது. நான் யாருக்கும் முகம் கொடுக்காமல் தண்ணீர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன். முற்றத்தின் ஒரு பக்கம் முருங்கை மரத்தடியில் ஒரு வாங்குப் பலகை போட்டு அதன்மேல் கலன்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பெரிய வெள்ளைக் கலன் மட்டும் கீழே, கொஞ்சம் தள்ளி நிலத்தில் நின்றது. அதன் பக்கத்தில், வெறும் மணலில், அக்கா இருந்தார். தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. வலது கை கலனின் மூடிக்கு மேல் இருந்தது. அவர் அழவில்லை.

நான் கிட்டப் போகமுன்பே ஒரு பெண் என் கையைப் பிடித்து ஒதுக்கினார். இறந்தவரின் தங்கை, அக்காவுக்கு மச்சாள். என்னை அவருக்கு முன்பே தெரியும்.

"உங்கட ஆளைப் பாருங்க. விடியத்தொட்டு அந்தத் தண்ணிக்குப் பக்கத்தில இருக்கிறா. அண்ணன்ட தலைமாட்டில வந்து இருங்க எண்டு எத்தின பேர் கூப்பிட்டாச்சு. நல்ல தண்ணி, பவுசர் லொறியில வந்த தண்ணி, அதைத் தொட விடுறாவும் இல்ல. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல. இப்ப வாய்க்கரிசி போடப் போறாங்க, மறுகா பெட்டியை மூடிருவாங்க. கட்டின புருசன்ட முகத்தைப் பார்க்க வரமாட்டாவா?"

அவர் கோபத்தில் சொன்னாரா துக்கத்தில் சொன்னாரா என்று பிரிக்க முடியவில்லை. பந்தலுக்குள் இருந்தவர்களும் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் இரக்கமாகப் பார்த்தார்கள், சிலர் அப்படிப் பார்க்கவில்லை. இந்தக் கலனுக்குள் இருப்பது நஞ்சு, இவ்வளவு நேரமும் உங்களையெல்லாம் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறா என்று முற்றம் முழுவதும் கேட்கக் கத்த வேண்டும் போல இருந்தது. ஓடிப்போய் அக்காவுக்கு முன்னால் குந்தி, "அக்கா, இதுக்குள்ள நஞ்..." என்று வாய் திறந்தேன்.

அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் வளையல் நசிந்து கையில் பதிந்தது.

"மெதுவாக் கதை. அந்தச் சொல்லை இந்த வீட்டில எடுத்திராத."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நன்றாக நடமாடிய மனிதர் பட்டென்று போய்விட்டார். நெஞ்சு வருத்தம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்துத்தான் பிரேதத்தை விட்டிருந்தார்கள். ஆனால் வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து எல்லா வீட்டுக் கோடியிலும் கிடக்கிற ஊர் இது. பட்டென்று ஒருவர் செத்தால் என்ன குடித்தார், யார் கொடுத்தது என்று கேட்கிற வாய்கள் எப்போதும் இருக்கும். அன்று காலையிலேயே யாரோ ஒருவர், கடைசியாக என்ன சாப்பிடக் கொடுத்தாய் என்று அக்காவிடம் கேட்டும் விட்டார் என்று பிறகு அறிந்தேன். அந்த முற்றத்தில், அந்தப் பெட்டிக்கு முன்னால், அவர் வாயில் இருந்தோ என் வாயில் இருந்தோ நஞ்சு என்ற சொல் வந்திருந்தால் அது கலனோடு நின்றிராது. பிள்ளைகளுக்குக் காலம் முழுவதும் அந்தச் சொல் கூடவே வந்திருக்கும்.

"ஒருத்தரும் குடிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்ல. அது இறக்கினத்தோட கண்டுட்டன். பேப்பர் இல்லாட்டிலும் அந்த மஞ்சள் எனக்குத் தெரியாதா? நான் எழும்பி வாறதுக்குள்ள பவுசர்க்காரன் நிரப்பிப் போட்டான். வாங்கில வெச்சிருந்த கலனெல்லாம் நல்லது. இது மட்டும்தான்."

"ஊத்திவிடச் சொல்லியிருக்கலாமே."

"எங்க ஊத்துற? கிணறு அந்தாக் கிடக்கு. மணல் நிலம், ஒரு கிழமையில இறங்கிரும். நானும் புள்ளைகளும் நாளைக்கு அதைத்தானே குடிக்கணும்." மூச்சு வாங்கினார். "மாமாட்டச் சொன்னன், தண்ணி சரியில்ல, அங்கால கொண்டுபோய் வைங்க எண்டு. ஓம் புள்ள ஓம் எண்டு தலையத் தடவிப்போட்டுப் போறாரு. புத்தி தடுமாறிற்று எண்டு நினைக்கிறாங்க. நினைக்கட்டும். விட்டுட்டு எழும்பினா ஆரும் பேணி, செம்பு எண்டு விட்டு அள்ளிருவாங்க தங்கச்சி."

எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு அவர் சொன்னதில் சந்தேகம் வராது. வெயிலில் தூரத்தில் இருந்து வந்தவர், பவுசரில் வந்த நல்ல தண்ணீரைக் கண்டால், ஏன் என்று கேட்டுக்கொண்டா நிற்பார்? நான் அங்கே நின்ற சிறு நேரத்துக்குள்ளேயே ஒரு கிழவர் செம்போடு வந்து கலனைப் பார்த்தார். அக்காவின் கை மூடியை இறுக்கியது. வாங்கில் இருக்கும் கலனை அக்கா மற்றக் கையால் காட்டினார். கிழவர் தலையை ஆட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். கலன் வந்து இறங்கியதில் இருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். கணவனின் உடல் உள்ளே கிடக்க, வந்து வந்து போகிற ஒவ்வொரு தாகத்துக்கும் ஒரு கையால் வழி காட்டிக்கொண்டு, அவர் மற்றக் கையை எடுக்காமல் இருந்திருக்கிறார்.

அப்போது உள்ளே மேளம் மாறியது. வாய்க்கரிசிக்கு ஆட்களைக் கூப்பிட்டார்கள். மச்சாள் திண்ணையடியில் நின்று எங்களைப் பார்த்தார், கூப்பிடவில்லை.

நான் அக்காவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். அவருடைய கைக்கு மேல் என் கையை வைத்தேன்.

"நான் இருக்கிறன். நீங்க போங்க."

அவர் உடனே கையை எடுக்கவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் ஒருவர் கையில் இருந்து இன்னொருவர் கைக்கு ஒரு கலன் மாறும்போது, வாங்குகிறவர் 'பிடிச்சிட்டன்' என்று சொன்ன பிறகுதான் கொடுக்கிறவர் விடுவார். வழுக்கி விழுந்தால் போச்சு என்பதால் வந்த பழக்கம். நாங்கள் இருவரும் சண்டையோடு சண்டையாக எத்தனையோ தடவை அதைச் சொல்லியிருக்கிறோம். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிடிச்சிட்டன் அக்கா," என்றேன்.

அவர் கையை எடுத்தார். எழும்பும்போது கால் மரத்துப்போய்த் தடுமாறினார், மச்சாள்தான் ஓடி வந்து பிடித்தார். இருவரும் உள்ளே போனார்கள். பிறகு அக்காவின் குரல் வந்தது. நான் அந்தக் குரலில் சிரிப்பும் கேட்டிருக்கிறேன், ஏச்சும் கேட்டிருக்கிறேன். இப்படி ஓர் ஓசை அதற்குள் இருந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். பந்தலில் இருந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண், "அப்பாடா, இப்பதான் புள்ளைக்கு அழுகை வந்திருக்கு" என்று கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன். கையை எடுத்து முகத்தைத் துடைக்கவில்லை.

எனக்கும் அந்த மனிதரைத் தெரியும். மழை நாட்களில் என்னையும் வானில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டவர். உள்ளே போய் ஒரு தடவை முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஒரு பிடி அரிசி போட்டிருக்க வேண்டும். போக முடியவில்லை. பெட்டி மூடிய சத்தம் கேட்டது. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் முற்றத்தைக் கடந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள், நான் மூடியில் வைத்த கையோடு அரைகுறையாக எழுந்து நின்றேன். பெண்கள் வாசல் படலைவரை அழுதுகொண்டு போனார்கள். மேளம் ஒழுங்கையைத் தாண்டி வீதியில் ஏறித் தூரமாகியது.

ஓட்டோக்காரர் இவ்வளவு நேரமும் போகாமல் வெளியே நின்றிருந்தார். படலையில் எட்டிப் பார்த்து, கலனை ஏற்றுவோமா என்று சைகையால் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினேன். முற்றத்தில் இப்போது கவிழ்ந்த கதிரைகளும் மிதிபட்ட பூக்களும்தான். பெண்களைக் கிணற்றடிக்குக் குளிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கிணற்றடிக்குப் போகாமல் என்னிடம் வந்தார். கலனுக்கு மறுபக்கம் மணலில் உட்கார்ந்தார். கண்கள் வீங்கியிருந்தன. அவர் குரல் கம்மிப் போயிருந்ததால் முதலில் எனக்கு விளங்கவில்லை, திரும்பவும் கேட்டார்.

"ஒருத்தரும் குடிக்கல்லயே?"

"இல்ல அக்கா. ஒருத்தரும் குடிக்கல்ல."

தலையை ஆட்டினார். கலனின் வயிற்றில், தாள் சுரண்டிய இடத்தில் இருந்த பிசினை நகத்தால் கீறிக்கொண்டு இருந்தார்.

"அவர் இருந்திருந்தா குடிச்சிருப்பாரு," என்றார். "தாகம் எண்டா என்ன போத்தல் எண்டு பார்க்கிற மனிசனில்ல. எத்தின தரம் கையில இருந்து பறிச்சிருப்பன்." கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது, அது சிரிப்பாக முடியவில்லை. "இனி ஆர்ட கையில இருந்து புள்ள நான் பறிக்கிற?"

கிணற்றடியில் இருந்து மச்சாள் அவரைக் கூப்பிட்டார். அக்கா எழும்பவில்லை. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.